காவியும் தாயமும் கொண்டு வாங்கோ

வெக்டர் என்ற சொல்லை நான் முதன்முதலில் படித்தது ஒரு கொசுமருந்து வண்டியின் பக்கவாட்டில். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே புகையடிக்க வந்து நிற்கும் அந்த வண்டியில் ‘வெக்டர் கண்ட்ரோல்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். டெங்கியைச் சுமந்து திரியும் கொசுவுக்கு இப்படியொரு மரியாதையான பெயரா என்று நினைத்துக்கொண்டேன். வெகுகாலம் அந்தச் சொல் எனக்கு அந்த அளவில் போதுமானதாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஜூரோங்கில் எங்கள் அலுவலகத்துப் பயிற்சி வகுப்பில், ஒருவர் திரையில் ஓர் அம்புக்குறியைக் காட்டி இதுதான் வெக்டர் என்றபோது, கொசு எங்கே என்று தேடினேன்.

நான் வேலை பார்ப்பது கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றின் திட்டப் பிரிவில். எந்தக் கப்பல் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் கிளம்பியது, எத்தனை நாள் தங்கியது என்ற மூன்றையும் பதிவது என் பொறுப்பு. வந்த தேதியும் கிளம்பிய தேதியும் துறைமுகப்பக்கத்திலிருந்து வந்துவிடும். அட்டவணையின் மூன்றாவது பத்தி மட்டும் என்னுடையது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, நடுவில் பிப்ரவரி வந்தால் அது எந்த மாதிரி பிப்ரவரி என்று பார்த்து, நானே நிரப்புவேன். கணினியே கழித்துத் தரும் என்று பலபேர் சொல்லிப் பார்த்தார்கள். கழிக்கும், ஆனால் அதற்கு அந்தக் கப்பலைத் தெரியாது. எந்தக் கப்பல் விசிறியைச் சுழற்றும் உந்துதண்டுக்காக நின்றது, எது சாயம் பூச நின்றது, எது மாலுமிகளின் விசா வராமல் நின்றது என்பது கழித்த கைக்குத்தான் தெரியும்.

வீட்டிலும் நான் இப்படித்தான். சிராங்கூன் சாலைப் பக்கம் எந்தக் கடை எந்த மாதம் பெயர் மாற்றியது, எந்தச் சந்து எப்போது ஒருவழிப் பாதையானது என்றெல்லாம் எழுதி வைப்பேன். நூலகத்திலிருந்து ஊர் வரலாறு, அகராதி, கடற்பயணக் கதை என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வருவேன். என்னிடம் தேதிகள் இருக்கின்றன. ஆனாலும் இங்கே பண்டிகைகளை வைத்தே காலம் சொல்கிறேன். ‘தேதி சொன்னா ஜனங்க கொட்டாவி விடுவாங்கலா, தீபாவளின்னு சொல்லு, நிமிர்ந்து உட்காருவாங்க’ என்பது என் கணவரின் கருத்து. அவர் பேருந்து ஓட்டுநர். கொட்டாவிகளைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர்.

ஆக, தீபாவளி அலங்கார விளக்குகளைச் சிராங்கூன் சாலையில் கழற்றிக்கொண்டிருந்த வாரம் அது. அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் கப்பல் எப்போது கிளம்பும் என்பதை ஒரு மென்பொருள் கணித்துச் சொல்லுமாம். பழைய பதிவுகளைப் படித்து அது தானே கற்றுக்கொள்ளுமாம். பழைய பதிவுகள் என்றால் வேறு எவருடையவை? என்னுடையவைதான். திட்டப் பிரிவில் இருப்பவர்கள் இயந்திரக் கற்றலுக்கான கணக்கைப் படிக்க வேண்டும். சீனப் புத்தாண்டு முடிந்ததும் நேர்காணல். தேறினால் அந்த மென்பொருளோடு உட்காரும் புதிய பிரிவு. தேறாவிட்டால் துவாஸில் இருக்கும் கிடங்கில் வேலை.

கிடங்கு கெட்ட இடம் என்று சொல்ல மாட்டேன். குளிர்சாதனம் உண்டு, சம்பளம் குறையாது. ஆனால் அங்கே இருப்பவை திருகாணிகள். என் தேதிகளை யாரோ ஒரு புதுப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, இத்தனை காலம் நான் வளர்த்ததை அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்றே தெரியாமல், திருகாணிகளுக்கு நடுவில் உட்கார முடியாது என்று தோன்றியது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கணக்குப் படிக்கக் கிளம்பினேன்.

முதல் வகுப்பிலேயே பயிற்சியாளர், வெக்டர் என்பது வெக்டர் வெளியின் ஓர் உறுப்பு என்றார். வெக்டர் வெளி என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். வெக்டர்கள் இருக்கும் இடம் என்றார். உங்கள் வீடு எங்கே என்று கேட்டவரிடம், எங்கள் வீடு இருக்கும் தெருவில் என்று சொன்னது போல இருந்தது. நான் அதைத் தலைப்பு, நாள், கிழமை எல்லாம் போட்டு அழகாக எழுதிக்கொண்டேன். அடியில் ஒரு கோடும் போட்டேன். புரியாததை ஒழுங்காக எழுதி வைப்பதில் எனக்கு நிகர் கிடையாது.

கடைசி வரிசையில் என்னோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழில் முடித்தவர். இன்னொருத்தி மதுரையிலிருந்து வந்தவள். அவளும் பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, பொறியியலை ஆங்கிலத்தில் படித்தவள். இருவரும் எங்கள் பிரிவுதான், இருவருக்கும் அதே நேர்காணல்தான். அவன் அவளை மதுரை என்று கூப்பிடுவான், அவள் அவனை யாழ்ப்பாணம் என்று கூப்பிடுவாள். நான் இங்கேயே பிறந்து, கணக்கை ஆங்கிலத்தில் மட்டும் படித்து, அதையும் மறந்தவள். எனக்கு வைத்த பெயர் அக்கா.

ஆங்கிலத்தில் ஓடுவதைத் தமிழில் நிறுத்திப் பார்ப்போம் என்று மூவரும் முடிவு செய்தோம். சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. பின்பக்கம் பெரிய மேசை. மதியக் கூட்டம் போன பிறகு யாரும் விரட்ட மாட்டார்கள். பொங்கல் முடிந்து தைப்பூசத்துக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த வாரம், வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்தானிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது.

‘அக்கா, சனிக்கிழமை காவி, தாயம் ரெண்டும். உங்களிட்ட இருக்கிறதைக் கொண்டு வாங்கோ.’

நான் அதைக் கணவரிடம் காட்டினேன்.

“காவியா? தைப்பூசம் வருதுல்ல, பையன் பால்குடம் எடுக்கிறான் போல. வேட்டி இல்லாம முழிச்சிட்டு இருப்பான், பாவம்.”

“சரி, தாயம் எதுக்குங்க?”

“விரதம் இருக்கிறவனுக்குப் பொழுது போகணும்லா. அவங்க ஊர்ல அப்படி ஒரு வழக்கம் இருக்கும்.”

“அப்ப உங்க காவி வேட்டியைக் குடுத்துடவா?”

“ஏய், அது ராசியான வேட்டி. அதைத் தொட்டே, அப்புறம் காவடியை நீதான் தூக்கணும். புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போ.”

எதையும் சரிபார்க்காமல் எழுத மாட்டேன் என்று பெயர் வாங்கியவள் நான். ஆனால் இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சனிக்கிழமை மதியம் கடைக்குப் போய் நல்ல காவி வேட்டியாகப் பார்த்து வாங்கினேன். வீட்டு அலமாரியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் துடைத்து எடுத்துப் பையில் போட்டேன். தாயத்துக்குக் கட்டம் வேண்டுமே என்று ஒரு சாக்பீஸும் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கடையில் இருவரும் எனக்கு முன்பே வந்து, மேசை நிறையக் காகிதங்களைப் பரப்பியிருந்தார்கள். நான் வேட்டியை எடுத்து யாழ்ப்பாணத்தான் முன்னால் வைத்து, அதன் மேல் தாயக்கட்டைகளையும் வைத்தேன்.

“இதென்னக்கா?”

“நீ கேட்டதுதான் தம்பி. காவி, தாயம். வேட்டி புதுசு, நீயே வச்சுக்க.”

அவன் வேட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மதுரை அதற்குள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, நான் வேதக்காரன். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போறனான். எனக்கு என்னத்துக்குக் காவி வேட்டி?”

“அப்புறம் எதுக்குக் கொண்டு வரச் சொன்னே?”

“உங்கட நோட்ஸை அல்லோ கொண்டு வரச் சொன்னனான்! காவி எண்டா வெக்டர் அக்கா. தாயம் எண்டா மேட்ரிக்ஸ். எங்கட பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் படிச்சனாங்கள்.”

மதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “வெக்டர்னா திசையன். மேட்ரிக்ஸ்னா அணி. நீங்க என்ன, சாமியார் மடத்துலயா கணக்குப் படிச்சீங்க?”

“திசையன் எண்டால் திசை மட்டும்தானே இருக்கு. காவுறதெல்லோ முக்கியம்.”

“காவுறதா?” என்றேன்.

“ஓமக்கா. காவுறது எண்டா தூக்கிக்கொண்டு போறது. ‘உந்தப் பையைக் காவிக்கொண்டு வா’ எண்டு அம்மா சொல்லுவா. ஒரு புள்ளியை இஞ்சயிருந்து அங்க காவிக்கொண்டு போறது காவி. அவ்வளவும்தான்.”

அகராதிகளைப் படுக்கையில் வைத்துப் படிக்கிறவளுக்கு அந்த நேரத்தில் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவுவது காவி என்றால், காவடியும் அதே வேரில் வந்ததுதான். டெங்கியைக் காவுகிற கொசுவுக்கு அந்த வண்டிக்காரர்கள் வெக்டர் என்று பெயர் வைத்ததிலும் தப்பில்லை. அம்புக்குறியும் கொசுவும் என் கணவரின் தோளில் ஏறும் மரச்சட்டமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

“அப்படின்னா தைப்பூசத்துல, சிராங்கூன் சாலைக் கோயில்ல காவடி கிளம்புது, டேங்க் ரோடு கோயில்ல இறங்குது. இங்கேருந்து அங்கே ஒரு அம்பு. அதுதானே?”

“அதுதான்” என்றான் அவன்.

“நடுவுல அந்த ரோடு, இந்த ரோடுன்னு எத்தனையோ திரும்புறாங்களே?”

“திரும்பட்டும்கா” என்றாள் மதுரை. “ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு குட்டி அம்பு போடுங்க. ஒண்ணோட வால்ல அடுத்ததை ஒட்டிக்கிட்டே போனா, கடைசியில மொத்தத்துக்கும் ஒரே அம்புதான். வெக்டர் கூட்டல் முடிஞ்சுது.”

“தலையில அக்கா. ஒண்டின்ர தலையில மற்றதின்ர வால்” என்றான் யாழ்ப்பாணத்தான்.

“அதைத்தான் நானும் சொன்னேன்.”

“நீங்கள் மாறிச் சொன்னனீங்கள்.”

வகுப்பில் நாள், கிழமையோடு அடிக்கோடிட்டு வைத்திருந்த வாக்கியம் அன்றைக்குத்தான் கோட்டைத் தாண்டி எனக்குள் வந்தது.

அடுத்து அணியா தாயமா என்ற சண்டை.

“அணின்னு சொன்னாலே எல்லாம் வரிசையா, பத்தி பத்தியா நிக்குதுன்னு புரியுதுல்ல?” என்றாள் மதுரை.

“உங்கட ஊரில அணி எண்டால் ரெண்டாப் பிரிஞ்சு சண்டை பிடிக்கிறதெல்லோ.”

“அது கட்சி. கணக்குல அணி ஒத்துமையா இருக்கும். தாயம்னு சொன்னா என்ன புரியுது? அக்கா மாதிரி ஆளுங்க கட்டையோட வந்து நிப்பாங்க.”

நான் கட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தேன். ஆனால் வேட்டியை அவள் விடவில்லை. பிரித்து மேசை மேல் விரித்தாள். கடையில் மடித்து அழுத்தி வைத்த புது வேட்டி. விரித்ததும் மடிப்புத் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக, சதுரம் சதுரமாகத் தெரிந்தன. வரைபடத் தாள் போலவே இருந்தது. யாழ்ப்பாணத்தான் தன் காப்பி டம்ளரை எடுத்து ஒரு மூலையில் வைத்தான்.

“இதுதான் உற்பத்தி.”

“உற்பத்தியா? அது புரொடக்ஷன் ஆச்சே. அதுக்குப் பேரு ஆதிப்புள்ளி” என்றாள் அவள்.

“சரி, உங்கட ஆதியும் எங்கட உற்பத்தியும் அந்த டம்ளர்தான். இழுங்கோ இப்ப.”

அவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டான். அவள் எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். சதுரங்கள் எல்லாம் ஒரே மாதிரி சாய்ந்தன. மடிப்புத் தடங்கள் வளையவில்லை. நேராக இருந்தவை நேராகவே சாய்ந்தன. டம்ளர் இருந்த மூலை அசையவே இல்லை.

“இந்த இழுப்புதான் அக்கா மேட்ரிக்ஸ். பெட்டிக்குள்ள இருக்கிற நம்பரெல்லாம், எப்பிடி இழுத்தது எண்டு சொல்லுற குறிப்பு. வேறொண்டும் இல்லை.”

“இன்னும் இழுத்தா?”

அவள் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் வேட்டியைக் கயிறு மாதிரி திரித்துவிட்டாள். சதுரங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நசுங்கிப் போயின. பரப்பு சுழி, அதாவது பூஜ்யம். இனி இந்தக் கயிற்றைப் பார்த்து எந்தப் புள்ளி எந்தச் சதுரத்தில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றான் அவன்.

அதற்குள் பரிமாறுகிறவர் வந்துவிட்டார். “அக்கா, இங்கெல்லாம் துணி காயப்போடக் கூடாதுக்கா. முதலாளி பார்த்தா என்னைத்தான் திட்டுவாரு.”

“காயப்போடலைங்க, படிக்கிறோம்” என்றேன்.

அவர் வேட்டியைப் பார்த்தார். “வேட்டியிலயா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். டம்ளரைத் தூக்கியபோது மூலையில் வட்டமாகக் காப்பிக் கறை பதிந்திருந்தது. எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். உரிமையாளர் இல்லாத வேட்டி. கணக்குக்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தாயக்கட்டையும் வீண் போகவில்லை. நிகழ்தகவு வந்த சனிக்கிழமை அதை உருட்டினோம். கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: சுழி, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் கூட்டல் ஒன்று வருவதுதான் தாயம். அது இரண்டே விதம். தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்க முடியாது. சின்ன வயதில் வீட்டில் தாயம் ஆடும்போது, எட்டில் ஒரு பங்கு வாய்ப்புக்காகக் குடும்பமே எதற்காக அப்படிக் கத்தியது என்று அன்றைக்கு விளங்கியது. எனக்கு மட்டும் ஏன் விழவே இல்லை என்பது விளங்கவில்லை. மதுரை அதற்கும் ஏதோ ஒரு தேற்றம் இருக்கிறது என்றாள்.

தைப்பூசத்தன்று கணவர் காவடி எடுத்தார். நான் கூடவே நடந்தேன். மனசெல்லாம் குட்டி அம்புகள். ஒவ்வொரு சாலைத் திருப்பத்திலும் முந்தைய அம்பின் தலையில் அடுத்ததின் வாலை ஒட்டிக்கொண்டே போனேன். டேங்க் ரோடு கோயிலில் காவடியை இறக்கி, பூசையெல்லாம் முடிந்து, டோபி காட் நிலையத்தில் ரயில் ஏறும்போது அவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“நீங்க எவ்வளவு சுத்தி நடந்தாலும், கணக்குப்படி ஒரே ஒரு காவிதாங்க. அங்கேருந்து இங்கே நேரா ஒரு அம்பு.”

“அதை என் தோள்கிட்ட சொல்லு.”

“இப்ப ரயில்ல கிளம்பின இடத்துக்கே, லிட்டில் இந்தியாவுக்குத் திரும்புறோம்ல, இது எதிர்ப்பக்கத்து அம்பு. ரெண்டையும் கூட்டினா சுழி.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப நான் எங்கேயும் போகலையா?”

“போனீங்க. ஆனா…”

“முருகன்கிட்ட போயி இதைச் சொல்லாதே. கோவிச்சுக்குவாரு.” வண்டி கிளம்பியது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். “என் பஸ்ஸும் அப்படித்தான். டிப்போல கிளம்பி டிப்போலயே நிக்குது. உன் அம்புப்படி நான் ஒருநாளும் வேலையே பார்த்ததில்லை. ஆனா நேரா போனா, நடுவுல ஸ்டாப்ல நிக்கிறவங்க எப்படிலா ஏறுவாங்க?”

வீட்டுக்கு வந்து அதை எழுதி வைத்தேன்.

அலுவலகத்தில் எங்கள் மூவருக்குள் ஒரு சங்கேதம் உருவாகியிருந்தது. ஆங்கிலத்தில் பேசும்போது வெக்டர் என்று சொல்வதை விட்டுவிட்டு, காவி நிறத்தின் ஆங்கிலப் பெயரான ‘சாஃப்ரன்’ என்று சொல்லிக்கொள்வோம். குங்குமப்பூவுக்கும் அதே பெயர்தான். நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, ‘இந்த சாஃப்ரனை அந்த சாஃப்ரனோட கூட்டு’ என்று மதுரை சொன்னால் மற்றவர்கள் சமையல் என்று நினைத்துக்கொள்வார்கள். அது வேடிக்கையாகத்தான் இருந்தது, சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து நேர்காணல் நாள் வரும்வரை.

அன்று காலை முதலில் மதுரை போனாள், பிறகு யாழ்ப்பாணத்தான். இருவரும் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். “தாயம் போடுங்கக்கா” என்று அவள் என் கையைத் தட்டி அனுப்பினாள்.

உள்ளே எங்கள் மேலாளர், ஒரு சீனப் பெண்மணி, தனியாக உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரி, ஆனால் நேர்காணலில் எல்லாருக்கும் ஒரே முகம் காட்டுவார். உங்கள் கப்பல்களை இந்த மென்பொருள் எப்படிப் பார்க்கிறது, உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மனப்பாடம் செய்திருந்த முதல் வாக்கியத்தை நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

“ஈச் ஷிப் இஸ் அ சாஃப்ரன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சாஃப்ரன்?” என்றார் மேலாளர். “லைக் இன் பிரியாணி?”

துவாஸ் திருகாணிகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து போயின. இனி மறைத்துப் பயனில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தையும் காவுவதையும் காவடியையும் கொசு வண்டியையும் அரைகுறை ஆங்கிலத்தில் கொட்டினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. தைப்பூச ஊர்வலத்தை அவரும் பார்த்திருக்கிறார். கப்பலின் வயது, நீளம், எடை, எதற்காக வந்தது எல்லாம் சேர்ந்து ஓர் அம்பு. கப்பல்களெல்லாம் ஒரே மூலையிலிருந்து கிளம்பும் அம்புகள். ஒரே பக்கம் பார்க்கும் அம்புகள் ஏறக்குறைய ஒரே காலம்தான் தங்கும் என்று அந்த மென்பொருள் ஊகிக்கிறது என்று முடித்தேன். நான் சொன்னது சரிதான் என்று எனக்கே தெரிந்தது.

அவர் திரையைத் திருப்பினார். என் பதிவு. வந்த தேதி, கிளம்பிய தேதி, தங்கிய நாட்கள். என் மூன்று பத்திகள்.

பழைய கப்பல்களிலிருந்து கற்றுக்கொள்ள இந்த மூன்றையும் மென்பொருளிடம் கொடுத்தால், இரண்டை மட்டும் கொடுப்பதைவிட அதற்குக் கூடுதலாக ஏதாவது தெரியவருமா என்று கேட்டார்.

விடை எனக்கு உடனே தெரிந்தது. அதுதான் சங்கடமே. வேண்டுமென்றே கேட்டாரா, எல்லாரிடமும் கேட்டதைத்தான் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அது என்னுடைய பத்தி. ஆமாம் என்றால் கிடங்கு. இல்லை என்றால் அந்தப் பத்தியை என் வாயாலேயே ஒன்றுமில்லை என்றாக்க வேண்டும்.

மேசை மேல் ஒரு துணி விரிக்கலாமா என்று கேட்டேன்.

பையிலேயே கிடந்த காவி வேட்டியை எடுத்து விரித்தேன். ஒரு நீளப்பக்கம், இது வந்த தேதி. ஒரு குறுக்குப்பக்கம், இது கிளம்பிய தேதி. இந்த இரண்டும் போதும், வேட்டி முழுவதும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இப்போது மூன்றாவது. அது தனியாக மேலே எழுந்து நின்றால் ஒரு கூடாரமே போட்டுவிடலாம். ஆனால் எழவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வந்தது ஆகையால் அதுவும் துணி மேலேயே படுத்துக் கிடக்கிறது. மூன்று காவி, ஆனால் வேட்டி ஒன்றுதான். “சோ, நத்திங் நியூ” என்றேன். பிறகு, விட மனமில்லாமல், இயந்திரத்துக்குத்தான் அந்தப் பத்தி தேவையில்லை, நடுவில் கப்பல் எந்தெந்த ஸ்டாப்பில் எதற்காக நின்றது என்று அதற்குத் தெரியாது, அதைக் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மேலாளர் ஏதோ குறித்துக்கொண்டார். நான் வேட்டியை மடித்தபோது, மூலையில் இருக்கும் அந்த வட்டம் என்ன என்று கேட்டார். ஆரிஜின் என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

மூன்று பேரும் தேறினோம். அடுத்த திங்கட்கிழமை கடிதம் வந்தது. புதிய பிரிவில் எனக்கு இடம். பழைய பதிவுகளைப் பார்த்து, கப்பல் ஏன் தாமதித்தது என்பதை ஒரு புதிய பத்தியாக எழுதுவது என் பொறுப்பு. கடைசி வரியில் பிரிவு இயங்கப் போகும் இடம் இருந்தது: துவாஸ். நிறுவனத்தின் புதிய தளம் அங்கேதான் வருகிறதாம். கிடங்குக்கு மேல்மாடி.

யாழ்ப்பாணத்தான் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். “அக்கா, பெயில் விட்டிருந்தாலும் இதே காவிதான்.”

“மாடி இருக்குல்ல” என்றாள் மதுரை. “செங்குத்தா ஒரு குட்டி அம்பு.”

இப்போது தினமும் ரயிலில் கடைசிவரை போய், அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறேன். புதிய பத்தியை எழுதுகிறேன். உந்துதண்டு, சாயம், விசா. அந்தப் பத்தி துணியை விட்டு எழுந்து நிற்கிறது. மதுரை கணக்குப் போட்டுக் காட்டினாள். மென்பொருள் அதைப் படித்த பிறகு முன்பைவிடக் குறைவாகத் தப்புச் செய்கிறது. பழைய பத்தியை யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் ஓரமாக இன்னமும் கழித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வேட்டியைத் துவைத்து அலமாரியில் வைத்திருந்தேன். போன வாரம் கணவர் அதை எடுத்து உதறிப் பார்த்தார். அடுத்த தைப்பூசத்துக்கு இதைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறாராம். ராசியான வேட்டி நைந்துவிட்டதாம்.

“இதென்னா மூலையில வட்டமா கறை? போகலையே?”

“அதுதாங்க ஆதிப்புள்ளி. அங்கேருந்துதான் எல்லா அம்பும் கிளம்பும்.”

அவர் அந்தக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு வேட்டியை இடுப்பில் சுற்றி, கறை உள்ளே மறைகிற மாதிரி செருகிக்கொண்டார்.

“சரி, டிப்போ உள்ளே இருக்கட்டும்” என்றார்.